கச்சானுக்குச் சூடு ஏற்றியது யார்?
பௌதிகவியல் டீச்சரின் கேள்வி – பதில் பக்கம்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சக்தி பற்றியவை. சாதாரண தரப் பரீட்சை நெருங்குகிறது என்று விளங்குகிறது. 'சக்தி வளங்களை வகைப்படுத்துக' என்ற கேள்விக்கு நான் பதில் எழுதப்போவதில்லை. அது புத்தகத்தில் கட்டம் போட்டே இருக்கிறது, ரியூசன் நோட்ஸிலும் இருக்கிறது. எங்கிருந்து வந்தது, எங்கே போனது, எத்தனை யூல் என்று கேட்டவர்களுக்குத்தான் இந்த முறை இடம்.

கேள்வி: டீச்சர், சக்தியை ஆக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது என்று படிக்கிறோம். அப்படியென்றால் 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கறண்ட் இல்லாமல் இருந்தோமே, அந்தச் சக்தியெல்லாம் எங்கே போனது?
– தரம் 11 மாணவன், களுவாஞ்சிக்குடி

மகன், 2022 மார்ச் கடைசியில் காணாமல் போனது டொலர். டீசலும் உலை எண்ணெயும் வாங்கக் காசில்லை, மலைநாட்டு நீர்த்தேக்கங்களிலும் தண்ணீர் இறங்கிக் கிடந்தது. ஆனாலும் உன் கேள்விக்குள் நல்ல கேள்வி ஒன்று ஒளிந்திருக்கிறது. மொத்தம் குறையாத ஒன்றுக்கு எப்படித் தட்டுப்பாடு வரும்?

ஒரு தேத்தண்ணி வைத்துப் பார்ப்போம். ஒரு கோப்பையில் 200 கிராம் தண்ணீர், 90 பாகைச் சூட்டில் மேசைமேல் இருக்கிறது. கதை கேட்டுக்கொண்டு குடிக்க மறந்துவிட்டாய். அது ஆறி அறையின் 30 பாகைக்கு வந்துவிட்டது. நீரின் தன்வெப்பக் கொள்ளளவு, அதாவது ஒரு கிலோவை ஒரு பாகை சூடாக்க வேண்டியது, 4200 யூல். அப்படியென்றால் கோப்பை இழந்தது 0.2 × 4200 × 60, அதாவது 50,400 யூல். இனி அறையைப் பார். நாலு மீற்றர் நீளம், மூன்று அகலம், மூன்று உயரம் என்றால் உள்ளே இருக்கும் காற்று ஏறக்குறைய 43 கிலோ. அதை ஒரு பாகை சூடாக்க 43,000 யூல் போதும். சுவரும் கதிரையும் எதையும் உறிஞ்சாவிட்டால் அறை ஒரு பாகைக்குச் சற்றுக் கூடுதலாகச் சூடாகியிருக்கும். ஒரு யூல்கூடத் தொலையவில்லை.

இப்போது அந்த ஒரு பாகைச் சூட்டைத் திரட்டி, ஆறிய தேத்தண்ணியைத் திரும்பக் கொதிக்க வை பார்ப்போம். முடியாது. வெப்பம் தானாகப் போவது சூடான இடத்திலிருந்து குளிரான இடத்துக்குத்தான். சக்தி ஓரிடத்தில் குவிந்து கிடக்கும்போதுதான் அதிலிருந்து வேலை வாங்கலாம். டீசலில் குவிந்திருக்கிறது, மலைமேல் தேங்கிய நீரில் குவிந்திருக்கிறது. பாவித்த பிறகு அது வெதுவெதுப்பான காற்றாகப் பரவிக் கிடக்கிறது. நமக்குத் தட்டுப்பாடு வந்தது குவிந்த சக்திக்கு. பரீட்சையில் 'சூழலுக்கு வெப்பமாக விரயமாகும்' என்று எழுது, புள்ளி கிடைக்கும். ஆனால் எழுதும்போது அந்தக் கோப்பையை நினைத்துக்கொள்.

கேள்வி: பகல் முழுக்க அறையில் விசிறியைப் போட்டு வைத்தால் இரவு படுக்கிற நேரம் அறை குளிர்ந்திருக்கும் என்று என் மகள் சொல்கிறா. கறண்ட் பில்லைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. சரியா, பிழையா?
– ஒரு தாய், காத்தான்குடி

பிழை. கூரை விசிறி ஒன்று 60, 70 வாற்று எடுக்கும். மூடிய அறையில் அந்தச் சக்தி முழுவதும் கடைசியில் வெப்பமாகத்தான் முடியும். விசிறி உங்கள் வியர்வையை ஆவியாக்கித்தான் உங்களைக் குளிர்விக்கிறது. கட்டிலுக்கு வியர்ப்பதில்லை. மகளைச் சாயங்காலம் யன்னலைத் திறக்கச் சொல்லுங்கள். வெளிக்காற்று குளிர்ந்த பிறகு விசிறியைப் போட்டால் அதில் பலன் உண்டு.

கேள்வி: கச்சான் காத்து மேற்கே இருந்து வருகுது. அந்த மாதங்களிலேதான் அங்கால நுவரெலியாப் பக்கம் மழையும் குளிரும். குளிர் மலையைத் தாண்டி வாற காத்து நமக்கு மட்டும் ஏன் அனலா அடிக்குது? பிள்ளையளுக்கும் விளங்குற மாதிரிச் சொல்லுங்க டீச்சர்.
– விவசாயி, வெல்லாவெளி

ஐயா, இந்த மாதம் வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது உங்களுடையதுதான். உயர்தர வகுப்பில் இதைக் கேட்டால் 'வெயில் காலம்தானே டீச்சர்' என்று முடித்துவிடுவார்கள். நீங்கள் விடவில்லை.

அங்கே பெய்கிற அந்த மழைதான் இங்கே அடிக்கிற அனலுக்குக் காரணம்.

மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று இந்து சமுத்திரத்தின் மேலாக ஈரத்தைச் சுமந்துகொண்டு வருகிறது. அந்த ஈரம் சும்மா வந்ததல்ல. ஒரு கிலோ கடல்நீரை ஆவியாக்கச் சூரியன் ஏறக்குறைய 24 இலட்சம் யூல் கொடுத்திருக்கிறது. அந்தச் சக்தி நீராவிக்குள் மறைந்து இருக்கிறது. வெப்பமானியை வைத்துப் பார்த்தால் தெரியாது. அதனால்தான் மறை வெப்பம் என்கிறோம்.

காற்று மேற்குச் சரிவில் மோதி ஏறத் தொடங்குகிறது. ஏறும் காற்று விரியும், விரியும்போது குளிரும். காய்ந்த காற்றென்றால் கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 10 பாகை வீதம் குளிரும். ஆனால் முகில் கட்டத் தொடங்கியதும் கதை மாறுகிறது. நீராவி துளியாகும்போது மறைத்து வைத்திருந்த வெப்பத்தைக் காற்றுக்குள்ளேயே விடுகிறது. அதனால் முகிலுக்குள் ஏறும் காற்று கிலோமீற்றருக்கு ஏறக்குறைய 5 பாகைதான் குளிர்கிறது. மழை அந்தப் பக்கத்திலேயே கொட்டிவிடுகிறது. மறுகா, காய்ந்துபோன காற்று நமது கிழக்குப் பக்கம் இறங்குகிறது. இறங்கும்போது அமுக்கப்பட்டுச் சூடாகும், இந்த முறை முழுதாகக் கிலோமீற்றருக்கு 10 பாகை வீதம்.

பிள்ளைகள் கொப்பியை எடுங்கள். மேற்குக் கரையில் காற்று 28 பாகை. முதல் 500 மீற்றர் முகிலில்லாமல் ஏறுகிறது, 5 பாகை போய்விட்டது. அடுத்த 1500 மீற்றர் முகிலுக்குள், 7.5 பாகை போய்விட்டது. 2000 மீற்றர் உச்சியில் 15.5 பாகை. அதுதான் நுவரெலியாவில் சுவெற்றர் போடுகிற குளிர். இனி 2000 மீற்றர் இறங்க 20 பாகை கூடுகிறது. வெல்லாவெளிக்கு வந்து சேரும்போது 35.5 பாகை. ஏறும்போது இழந்தது 12.5, இறங்கும்போது பெற்றது 20. நடுவில் உள்ள 7.5 பாகையை மழை கொடுத்துவிட்டுப் போனது.

நிசக் காற்று இப்படி ஒழுங்காகக் கணக்குப்படி நடக்காது. கொஞ்சம் மலையைச் சுற்றியும் வரும், இடைவெளிகளுக்குள்ளாலும் புகுந்து வரும். முகிலில்லாத வானத்தில் நேர் வெயிலும் சேர்ந்துகொள்ளும். ஆனால் அடிப்படை இதுதான். ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையடிவாரத்திலும் இதே வகைக் காற்று அடிக்கும், அங்கே அதை ஃபோன் காற்று என்பார்கள்.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன், பாடப்புத்தகத்தில் நான் பார்க்க ஆசைப்பட்டது. 2000 மீற்றர் உயரத்தில் விழுந்த ஒரு கிலோ மழைநீரின் அழுத்த சக்தி 1 × 9.8 × 2000 = 19,600 யூல். அதே நீரைக் கடலிலிருந்து கிளப்பச் சூரியன் கொடுத்த 24 இலட்சத்தோடு ஒப்பிட்டால் இது 120 இல் ஒரு பங்கு. காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களை நிரப்பி லக்சபான மின்நிலையத்தில் சுழலியைச் சுற்றுவது அந்த ஒரு பங்குதான். மற்ற 119 பங்கும் முகிலுக்குள்ளேயே வெப்பமாக வெளிப்பட்டுவிட்டது. அதில் ஒரு துண்டுதான் உங்கள் முகத்தில் அடிக்கிறது. நீர்மின்னும் கச்சானும் ஒரே வெயிலின் இரண்டு பிள்ளைகள். ஒன்று மின்சார சபைக்குப் போனது, மற்றது உங்கள் வயலுக்கு வந்தது.

கேள்வி: இங்கினியாகலையில் சேனாநாயக்க சமுத்திரம் என்று கடல் மாதிரித் தண்ணீர். மின்நிலையமும் இருக்கிறது. அம்பாறை மாவட்டத்துக்கு மட்டுமாவது கறண்ட் நிற்காமல் தர முடியாதா?
– அரச ஊழியர், சம்மாந்துறை

தண்ணீர் நிறைய என்பது கண்ணுக்கு. பௌதிகவியல் கேட்பது, எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது என்று. இரண்டையும் பெருக்க வேண்டும்.

கணக்குக்கு 30 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கன மீற்றர், அதாவது ஆயிரம் லீற்றர் தண்ணீர் அந்த உயரம் விழுந்தால் 294,000 யூல். நீங்கள் பில்லில் காசு கட்டுகிற ஒரு யூனிற் என்பது 36 இலட்சம் யூல். சுழலியிலும் மின்பிறப்பாக்கியிலும் போகிற விரயத்தையும் சேர்த்தால் ஒரு யூனிற்றுக்கு ஏறக்குறைய 15 கன மீற்றர் தண்ணீர் வேண்டும். 15,000 லீற்றர். ஏழாயிரம் லீற்றர் பவுசர் இரண்டை வெறுமையாக்கினாலும் ஒரு யூனிற்றுக்குக் கொஞ்சம் குறையும். நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் அதே ஒரு யூனிற்றுக்கு எரிப்பது அரைக் கிலோவுக்கும் குறைவான நிலக்கரி. நிலக்கரியை நான் புகழவில்லை, அது செய்கிற அநியாயம் எல்லாருக்கும் தெரியும். ஆனால் உலகம் ஏன் அதை விடமாட்டேன் என்கிறது என்று பிள்ளைகள் கேட்டால் இந்த இரண்டு எண்களையும் காட்டுங்கள்.

1949 இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைத்துக் கட்டிய நீர்த்தேக்கம் அது. ஏறக்குறைய 95 கோடி கன மீற்றர் கொள்ளும். அத்தனையும் 30 மீற்றர் விழுந்தால் 6 கோடி யூனிற்றுக்குச் சற்று மேலே. நுரைச்சோலையின் 900 மெகாவாற்றும் முழுதாக ஓடினால் மூன்று நாளில் அதைத் தாண்டிவிடும். இங்கினியாகல மின்நிலையம் சுமார் 11 மெகாவாற்றுத்தான். அதுவும் முதலில் வயலுக்கு. பட்டிப்பளை ஆற்று (கல்லோயா) வெள்ளாமைக்குத் தண்ணீர் திறக்கும்போது சுழலி வழியாக விடுகிறார்கள், அதில் மின் கிடைக்கிறது. மின்னுக்காகத் திறந்துவிட்டுச் சிறுபோகத்தைக் காயவிட்டால் முதலில் சண்டைக்கு வருவது உங்கள் ஊர் வயற்காணிக்காரப் போடிமார்தான்.

கேள்வி: கூரையில் 5 கிலோவாற்று சோலார் போட்டிருக்கிறேன். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி குரங்கு பாய்ந்து நாடே இருளானபோது நல்ல வெயில். என் பனல் ஏன் எனக்கே கறண்ட் தரவில்லை? குரங்கு ஒன்று ஒரு நாட்டை எப்படி நிறுத்தும்? மற்றது, வெயில் கூடினால் பனல் கூடத் தரவேண்டும்தானே, கச்சான் காலத்தில் எதிர்பார்த்தளவு வரவில்லை.
– கடைக்காரர், மட்டக்களப்பு நகர்

மூன்று கேள்வியை ஒரு தபால் முத்திரையில் அனுப்பியிருக்கிறீர்கள். வியாபாரி என்பது தெரிகிறது.

உங்கள் இன்வேட்டர் வேண்டுமென்றேதான் நின்றது. அது சபையின் லைனில் உள்ள 230 வோல்ற்றையும் 50 ஹேர்ட்ஸ் மீடிறனையும் (செக்கனுக்கு எத்தனை அலை என்பதை) பார்த்து, அதற்கேற்ப ஓடுகிற சாமான். லைன் செத்தால் அதுவும் உடனே நிற்க வேண்டும். நிற்காவிட்டால், லைனில் கறண்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறுகிற மனுசன் உங்கள் கூரையிலிருந்து வருகிற கறண்டில் அடிபடுவான். பற்றரியும் அதற்கேற்ற இன்வேட்டரும் வைத்தவர்கள் லைனைத் துண்டித்துவிட்டு வீட்டை மட்டும் ஓட்டலாம். 2016 இல் 'சூரிய பல சங்கிராமய' என்ற அரசின் கூரைச் சோலார்த் திட்டம் தொடங்கிய பிறகு கூரையில் பனல் போட்டவர்களில் பெரும்பாலானோரிடம் பற்றரி இல்லை.

குரங்குக்கு வருவோம். பாணந்துறை உப மின்நிலையத்தில் அது நிலைமாற்றியில் பட்டது. அதை மட்டும் வைத்துச் சிரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். உண்மையில் சோதனை வந்தது நாளால். ஞாயிற்றுக்கிழமை முற்பகல், கந்தோர் இல்லை, தொழிற்சாலை இல்லை, பாவனை குறைவு. வெயிலோ நன்றாக எறிக்கிறது, அதனால் நாட்டுக்குத் தேவையான மின்னில் பெரிய பங்கு சோலாரிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஓடிக்கொண்டிருந்த பெரிய சுழலிகள் கொஞ்சம்.

ஒரு நிலக்கரிச் சுழலியையும் அதன் மின்பிறப்பாக்கியையும் நினைத்துப் பாருங்கள். தொன் கணக்கான இரும்பு நிமிடத்துக்கு 3000 தரம் சுற்றுகிறது. அதில் அடைபட்டிருக்கும் இயக்க சக்தி அந்த இயந்திரத்தின் முழு வலுவையும் சில செக்கன்களுக்குத் தாங்கப் போதும். எங்கேயோ பழுது ஏற்பட்டால் அந்தச் சடத்துவம், அதாவது சுற்றுகிற இரும்பு சட்டென்று வேகம் மாறாத தன்மை, மீடிறனைச் சட்டென்று விழவிடாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறங்கவிடும். அதற்குள் மற்ற இயந்திரங்கள் கைகொடுக்கும். சோலாரில் சுற்றுகிற இரும்பு இல்லை. அதனால் அன்று மீடிறன் விரைவாகக் குலைந்தது, பாதுகாப்புக் கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் துண்டித்தன, நுரைச்சோலையும் விழுந்தது. அதைத் திரும்ப எழுப்ப நாட்கள் சென்றன, மறுநாளும் மின்வெட்டு. சோலாரைக் குறை சொல்ல இதைப் பயன்படுத்தாதீர்கள். பற்றரியும் சடத்துவமும் சேர்க்காமல் பனலை மட்டும் கூட்டிக்கொண்டு போனதில்தான் குறை.

மூன்றாவது. பனலுக்கு வேண்டியது ஒளி. சூடு அதற்கு எதிரி. சிலிக்கன் பனலின் மின் வெளியீடு 25 பாகைக்கு மேலே ஒவ்வொரு பாகைக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் குறையும். மத்தியானக் கூரையில் பனல் 65 பாகைக்குப் போனால் நூற்றுக்குப் பதினாறு போச்சு. கூரைத் தகட்டோடு ஒட்டிப் பூட்டாமல் கீழே காற்றோடச் சாண் அளவு இடம் விட்டிருக்கிறார்களா என்று ஏறிப் பாருங்கள். கச்சான் கொண்டுவருகிற புழுதியையும் துடையுங்கள், விடியற்காலையில், பனல் ஆறியிருக்கும்போது.

கேள்வி: வாப்பா அரிசி ஆலை வைத்திருக்கிறார். நெல் அவிக்க உமிதான் எரிக்கிறோம். புகை வருகிறதே, பிறகு எப்படி அதைப் புதுப்பிக்கத்தக்க சக்தி என்கிறார்கள்?
– உயர்தர மாணவி, நிந்தவூர்

மகள், புகையை வைத்து வகைப்படுத்துவதில்லை. உங்கள் உமியில் உள்ள காபன் சில மாதங்களுக்கு முன் நம் ஊர்க் காற்றில் இருந்தது. ஒளித்தொகுப்பு அதைப் பிடித்தது, அடுப்பு திருப்பி விட்டது, அடுத்த போகம் மறுபடி பிடிக்கும். நிலக்கரியின் காபன் கோடிக்கணக்கான வருடங்களாக நிலத்துக்கடியில் கிடந்தது. அதை எரித்தால் திரும்பிப்போக வழியில்லை.

எண்ணும் எழுதிக்கொள். நெல்லின் நிறையில் ஐந்தில் ஒன்று உமி. ஒரு கிலோ உமியில் ஏறக்குறைய 13 மெகாயூல் இருக்கிறது. ஒரு தொன் நெல் குத்தினால் 200 கிலோ உமி, 2600 மெகாயூல், அதாவது 720 யூனிற்றுக்குச் சமமான வெப்பம். வெப்பமாகவே பாவித்து நெல்லை அவிப்பது கெட்டித்தனம். அதே உமியில் கொதிநீராவி எடுத்துச் சிறிய சுழலி சுற்றினால் கைக்கு வருவது அதில் ஐந்தில் ஒன்றும் இல்லை. வாப்பா படிக்காமலே சரியாகச் செய்கிறார் என்று சொல். ஆனால் புகை நெஞ்சுக்குக் கெடுதி என்பதையும் சொல், புகைபோக்கியை உயர்த்தச் சொல்.

கேள்வி: காந்தம் பூட்டிய சில்லு கறண்ட் இல்லாமல் சுற்றி பல்ப் எரிக்கிறது. முகநூலில் பார்த்தேன். நாமும் செய்யலாமா?
– இளைஞர், பொத்துவில்

செய்யலாம், பல்ப் எரியாது. இப்படிப்பட்ட இயந்திரங்களை இனிப் பரிசீலிப்பதில்லை என்று பாரிஸ் விஞ்ஞானக் கழகம் 1775 இலேயே முடிவெடுத்துவிட்டது. அடுத்த முறை மேசைக்குக் கீழே கமராவைப் பிடிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: மட்டக்களப்பு வாவியின் முகத்துவாரத்தில் தடுப்பு போட்டு வற்றுப்பெருக்கில் மின் எடுக்கலாம் என்று செயற்றிட்டம் எழுதியிருக்கிறேன். சேர் 'நல்லது' என்று மட்டும் சொன்னார். உண்மையில் முடியுமா?
– உயர்தர மாணவன், கல்லடி

சேர் மனம் நோகக்கூடாது என்று சொல்லியிருப்பார். நான் கணக்கைச் சொல்கிறேன்.

பிரான்சில் ரான்ஸ் ஆற்று முகத்தில் 1966 இலிருந்து இப்படியொரு நிலையம் ஓடுகிறது, 240 மெகாவாற்று. அங்கே பெருக்குக்கும் வற்றுக்கும் சராசரியாக 8 மீற்றர் வித்தியாசம். நமது கரையில் ஒரு மீற்றருக்கும் குறைவு, கணக்குக்கு அரை மீற்றர் எடு. தேக்கிய நீரின் சக்தி உயரத்தின் வர்க்கத்தோடு போகும். அரை மீற்றருக்கு ஒரு சதுர மீற்றர் பரப்பில் கிடைப்பது ½ × 1000 × 9.8 × 0.25, ஏறக்குறைய 1200 யூல். ரான்ஸில் 313,600. உயரம் 16 மடங்கு, சக்தி 256 மடங்கு. இதற்கு மேல், கோடையில் முகத்துவாரம் மணல் மூடிக்கிடக்கும், மாரி வெள்ளத்துக்கு வெட்டித்தான் விட வேண்டும். தடுப்பும் போட்டால் மீனும் இறாலும் உள்ளே வரும் வழியும் போச்சு, தோணிக்காரர் உன்னைத் தேடி வீட்டுக்கே வருவார்கள்.

ஆனால் செயற்றிட்டத்தைக் கிழிக்காதே. தலைப்பை 'ஏன் முடியாது' என்று மாற்று. முகத்துவாரம் திறந்திருக்கும் காலமாகப் பார்த்து, ஒரு மூங்கிலில் சென்ரிமீற்றர் அடையாளம் போட்டு வாவிக்கரையில் நடு, மணித்தியாலத்துக்கு ஒரு தரம் வாசி. பறுவத்தன்று ஒரு முறை, அரைநிலா நாளில் ஒரு முறை. அதேபோல வெளியே கடல் பக்கத்திலும் எடு. உள்ளுக்கும் வெளிக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று வரைபு கீறி அனுப்பு. மூங்கிலில் ஆணி அடிக்காதே, உப்புத்தண்ணியில் துருப்பிடித்து அடையாளம் போய்விடும். கத்தியால் வெட்டுப் போடு.